கரட்டோடது கரட்டுக்கு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் போன் அடித்தபோது தாமரைச்செல்வி கப்பலூர்க் கம்பெனியில் ரப்பர் வாசரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நாலாயிரம் வாசர். பிசிறு இருந்தால் இடப்பக்கத் தட்டு, இல்லாவிட்டால் வலப்பக்கத் தட்டு. வேலை நேரத்தில் போனைத் தொட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். ஆனால் கூப்பிட்டது அவளைப் பெற்றவள் ஒச்சாயி. ஒச்சாயிக்குப் போனில் பச்சைப் பொத்தானை அமுக்கத் தெரியும், அம்புட்டுதான். தானாக ஒருத்தரைக் கூப்பிட வேண்டுமென்றால் யாரையாவது பிடித்து நம்பர் போடச் சொல்ல வேண்டும். அந்தப் பாடுபட்டுக் கூப்பிடுகிறாள் என்றால் சும்மா இருக்காது என்று எடுத்தாள்.

"ஏத்தா, ஞாயித்துக்கெழமை புள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கரட்டுக்கு வந்தியே, கன்னிமார் இச்சிமரத்துப் பக்கம் போனியளா?"

"போனோம்மா. ஏன்?"

"மரம் மொட்டையா நிக்கிது. ஒரு தொட்டில்கூட இல்ல. நம்ம திவ்யா கட்டுனதும் இல்ல."

தாமரை கையிலிருந்த வாசரை எந்தத் தட்டில் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

ஊர் மேலக்கரட்டுப்பட்டி. திருநகரைத் தாண்டி மேற்கே போய், சோளக்காட்டு வழியாக ரெண்டு மைல் உள்ளே போக வேண்டும். ஊரை ஒட்டி நிற்கிற கரட்டை மலை என்று சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான், பாறை என்று சொன்னால் உள்ளூர்க்காரன் சண்டைக்கு வருவான். அதன் பாதி ஏற்றத்தில் கன்னிமார் ஏழு கல், பக்கத்தில் பாறை வெடிப்புக்குள் வேர்விட்டு நிற்கிற இச்சிமரம். பிள்ளை இல்லாத பொம்பளைகள் கல்யாணச் சேலையில் முந்தியைக் கிழித்து, அதற்குள் ஒரு கல்லைப் பிள்ளையாகப் போட்டு, அந்த மரத்தில் தொட்டில் கட்டுவார்கள். மூணு முடிச்சு. பிள்ளை பிறந்து மூணாம் மாசம் பொங்கல் வைத்துக் கட்டினவளே வந்து அவிழ்க்க வேண்டும். அதுவரைக்கும் அடுத்தவர் கை அதில் படக் கூடாது. ஆடு மேய்க்கிறவன்கூட அந்த நிழலுக்கு ஆட்டை விட மாட்டான்.

தாமரையின் தம்பி நல்லகாமன் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கும் திவ்யாவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருசம். ரெண்டு தடவை உண்டாகி ரெண்டும் நிற்கவில்லை. போன சித்திரையில் தொட்டில் கட்டினாள். இப்போது ஏழு மாசம். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, கதவைப் படார் என்று சாத்துவதில்லை. ஒன்பது வருசத்துப் பயம் அந்த வீட்டில் சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது.

சரி, தொட்டில்கள் எங்கே போயின? அதைச் சொல்ல வேண்டுமென்றால் தாமரையின் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்ல வேண்டும்.

தாமரைக்குப் புருசன் வீட்டுத் தொடர்பு அறுந்து ஆறு வருசம். திருநகரில் ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஏதோ ஒரு டிரஸ்டைச் சேர்ந்தவர்கள், மலைக்கும் காட்டுக்கும் போனால் எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். மூணு நாள் பயிற்சி, ஒரு சர்டிபிகேட், கையுறை, சாக்கு. சம்பளம் கிடையாது, பஸ் காசு உண்டு. தாமரை பிடித்துக்கொண்டாள். அவனியாபுரம் ஒர்க்ஷாப் சந்துப் பிள்ளைகள் ஏழு, தெற்குவாசல் பக்கத்துப் பாய் வீட்டுப் பிள்ளைகள் ஏழு. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு படுத்து எழுந்திருக்கிற பிள்ளைகள். முதல் நாள் கரட்டு மேலே ஏறி நின்று, இம்புட்டுக் காத்தா என்று கேட்டது ஒன்று. அந்தக் கேள்விக்காகவே தாமரை ரெண்டு வருசம் ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைக்காமல் கிடந்தாள்.

டிரஸ்ட் கொடுத்த புத்தகத்தில் ஏழு விதி இருந்தது. பிள்ளைகள் வாயில் நிற்க வேண்டுமே என்று தாமரை அதை ரெண்டாக்கினாள். கரட்டோடது கரட்டுக்கு, இது ஒன்று. கல்லோ இறகோ விதையோ, ஒன்றையும் எடுத்து வரக் கூடாது. தவ்பீக் என்றொரு பயல் வெள்ளைக் கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான் என்று அவனைத் திரும்ப மேலே ஏற்றி, எடுத்த இடத்திலேயே வைக்க வைத்தாள். ரெண்டாவது, மனுசன் கொண்டுவந்தது மனுசனோடு இறங்கணும். யார் பொறுக்குகிறார்களோ அவர்கள் சாக்கை அவர்களே சுமக்க வேண்டும். கை வலிக்கிறது என்று அடுத்தவன் தோளில் ஏற்றக் கூடாது.

பேப்பர், பாட்டில், பிளாஸ்டிக், துணி. இந்த நாலும் சாக்குக்குள் போகணும் என்று அவள்தான் சொன்னாள். துணி என்று சொன்ன வாய், தொட்டிலைத் தொடாதே என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? பிறந்ததிலிருந்து பார்த்த மரம். அவள் கண்ணுக்குத் தொட்டில் அந்த மரத்தில் காய்த்த காய் மாதிரி. அது ஒரு பொருள் என்றே அவளுக்குத் தோன்றினதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளை ஒன்றுக்குக் காலில் முள் ஏறிவிட்டது. தாமரை கீழேயே உட்கார்ந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய பிள்ளைகள் மேலே போயின. முன்னால் போனவள் முபீனா, எட்டாம் வகுப்பு. சொன்னால் சொன்னபடி செய்கிற பிள்ளை. இறங்கி வரும்போது அவள் சாக்குதான் நிறைந்திருந்தது, வாயில் துணி பிதுங்கிக்கொண்டு. தாமரை அதைப் பார்த்தாள். பார்த்துக் கைதட்டவும் செய்தாள். சாக்குகளைத் திருநகர் முக்கில் வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் குப்பை வண்டி தூக்கிக்கொண்டு போயிற்று.

தாமரை சூப்பர்வைசரிடம் வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்தாள். வீட்டு வாசலில் நல்லகாமன் ஆட்டோவை நிறுத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றான். உள்ளே திவ்யா சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரெண்டு கையும் வயிற்றின் மேல்.

"எதுக்கும்மா இவகிட்டச் சொன்ன?" என்றாள் தாமரை.

"நான் எங்க சொன்னேன்" என்றாள் ஒச்சாயி. "வெளக்குப் போடப் போனவ, மரத்தை அண்ணாந்து பாத்துட்டு அங்கிட்டே உக்காந்து அழுதுட்டேன். ஆடு மேய்க்கிறவன் பாத்துட்டுப் போயி ஊரெல்லாம் சொல்லிட்டான்."

"மதினி" என்று கூப்பிட்டாள் திவ்யா. "நேத்து ராத்திரியிலருந்து அசைவு கம்மியா இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. இப்பத்தான் ஏன்னு தெரியுது."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல திவ்யா."

"இல்லைன்னா நீங்க ஏன் வேலையைப் போட்டுட்டு ஓடியாந்தீங்க?"

தாமரைக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னால் பொய், இருக்கிறது என்று சொன்னாலும் பொய். நல்லகாமன் உள்ளே வந்தான்.

"யாருக்கா அவுத்தது?"

"புள்ளைக குப்பை பொறுக்குச்சுக..."

"புள்ளைகன்னா எந்தப் புள்ளை? பேரு இருக்கும்ல. ஊர்ல கேக்கிறானுக. பாய் வீட்டுப் புள்ளைகளைக் கூட்டியாந்து கன்னிமார் மரத்துல கைய வைக்கவிட்டியான்னு ஒருத்தன் கேட்டுட்டே போயிட்டான். நான் என்னன்னு சொல்ல?"

தாமரை தம்பியின் முகத்தைப் பார்த்தாள். நல்லவன்தான். ஆனால் பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் இந்த வீட்டோடு நிற்காது. டீக்கடைக்குப் போகும், அங்கிருந்து அவனியாபுரம் போகும், தெற்குவாசல் சந்துக்குள் பதின்மூணு வயசுப் பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டும்.

"நான்தான் அவுத்தேன்" என்றாள்.

"நீயா?"

"நான்தான். பழந்துணியா நெனைச்சுட்டேன்."

ஒச்சாயி மகளை உற்றுப் பார்த்தாள். அவள் நம்பவில்லை. நல்லகாமன் நம்பிவிட்டான். அதுதான் கொடுமை.

"ஒனக்குத்தான் குடும்பம் நிக்கல, எனக்காச்சும் நிக்கட்டும்னு இருக்கக் கூடாதாக்கா?" என்றான். சத்தம் போடவில்லை. "போ. இனிமே இந்தப் படி ஏறாத."

தாமரை நேராகக் குப்பைக் கிடங்குக்குப் போனாள். தொட்டிலைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது. கிடங்கு என்றால் அதுவும் ஒரு கரடுதான், ஆனால் புகைகிற கரடு. வெயிலில் அதன் நாற்றம் கண்ணைக் கரித்தது. பிரிக்கிற வேலை பார்க்கிற முனீஸ்வரி என்கிற பொம்பளை அவளை வழிமறித்தாள்.

"இங்கிட்டெல்லாம் வரக் கூடாது தாயி. என்ன தொலைச்ச, நகையா?"

"தொட்டில்க்கா. நேர்ந்துக்கிட்ட தொட்டில். பச்சைச் சேலைத் துணி, ஓரம் மாம்பழக் கலரு. நேத்துத் திருநகர் வண்டியில வந்துருக்கும்."

முனீஸ்வரி தன் கையுறையில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். "திங்கக்கெழமை வந்ததெல்லாம் அடியில போயிருச்சு. மெஷின் பெரட்டிருச்சு. இருந்தாலும் வா, மனசு ஆறட்டும்."

ரெண்டு பேரும் ரெண்டு மணி நேரம் கிளறினார்கள். முனீஸ்வரிக்கு வேலை கெட்டது, அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பச்சைத் துணி எத்தனையோ வந்தது. பாவாடை, பேனர், ஆஸ்பத்திரித் திரைச்சீலை. ஒவ்வொன்றுக்கும் தாமரை குனிந்து குனிந்து எழுந்தாள். மூணு மணிக்கு ஒச்சாயியிடமிருந்து போன். திவ்யாவுக்கு உதிரம் பட்டுவிட்டது, நல்லகாமன் ஆட்டோவிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான்.

தாமரை குப்பை மேலேயே உட்கார்ந்து அழுதாள். முனீஸ்வரி பக்கத்தில் நின்று ஈயை ஓட்டினாள்.

சாயங்காலம் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை. ஒரு கிலோ நூத்தம்பது கிராம். தாய்க்குப் பிரசர் கூடிப்போனது, அதனால்தான் என்று டாக்டரம்மா சொன்னார். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறது, மூணு நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். நல்லகாமன் தலையை ஆட்டினான். அவன் காதில் பிரசர் என்பது ஏறவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தாமரை தெற்குவாசலுக்குப் போனாள். முபீனாவின் அத்தா சிஹாபுதீன் துணிக்கடையில் கட்பீஸ் வெட்டுகிறவர், அந்நேரம் கடையில் இருந்தார். அம்மா அஜ்மல் பீவி வீட்டில் மிக்ஸியில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"யா அல்லா. டீச்சர், புள்ள பேரைச் சொல்லிட்டீங்களா?"

"இல்லக்கா. நான் எடுத்தேன்னு சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். அவகிட்ட யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லட்டும். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் வர வேணாம். வகுப்பும் இனி இல்ல. டிரஸ்டுலயும் பிரச்சினைன்னா நிறுத்திருங்கன்னுட்டாங்க."

அஜ்மல் பீவி தலைத்துணியால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு கூத்தைக் கேளுங்க டீச்சர். கல்யாணமாகி நாலு வருசம் எனக்கும் இல்ல. எங்கம்மா கூட்டிட்டுப் போயி தர்கா சன்னல்ல தொட்டில் கட்டச் சொன்னாங்க. கட்டுனேன். அப்புறந்தான் இவ. பெறகு இவ அத்தா அதெல்லாம் கூடாதுன்னு நிப்பாட்டிட்டாரு. நானும் வாயத் தொறக்கல. இவளை ஒருநா அங்க கூட்டிட்டுப் போயி, இந்தா இதுதான் நீயின்னு காட்டியிருந்தேன்னா அந்த மரத்தைத் தொட்டிருப்பாளா? எம்மேலயும் தப்பு இருக்கு."

தாமரை அதை நினைத்துப் பார்த்தாள். தொட்டிலுக்குப் பிறந்த பிள்ளையே தொட்டிலை அவிழ்த்திருக்கிறது. ரெண்டு பொம்பளைகள், ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அடுத்த அறை வாசலில் முபீனா நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. "டீச்சர், பாப்பா உசுரோட இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நீ படி. ஒனக்கு ஒண்ணும் இல்ல."

"எடுத்தது நானு."

"சும்மா இரு முபீனா" என்று அஜ்மல் பீவி அவளை உள்ளே தள்ளினாள்.

வியாழக்கிழமை மத்தியானம். பெரியாஸ்பத்திரியில் பச்சைப்பிள்ளை வார்டுக்கு வெளியே வராந்தா. திவ்யா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். பத்துச் சொட்டு வந்தால் பெருசு. காலையிலிருந்து பிள்ளை ரெண்டு தடவை மூச்சுவிட மறந்துவிட்டது. அப்படி மறக்கும்போதெல்லாம் நர்ஸம்மா அதன் உள்ளங்காலை விரலால் சுண்டுகிறார், அது திரும்ப மூச்சு விடுகிறது. இதைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததிலிருந்து திவ்யா யாரிடமும் பேசவில்லை. பக்கத்தில் ஒச்சாயி, தூணோரம் நல்லகாமன். தாமரை தள்ளி, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தூக்குவாளியில் கொண்டுவந்த கஞ்சியை யாரும் திறக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. போகச் சொல்லக்கூட அவளோடு பேச வேண்டுமே.

அப்போது பள்ளிக்கூட யூனிபார்மோடு முபீனா படியேறி வந்தாள். பின்னாலேயே புர்காவோடு அஜ்மல் பீவி, மூச்சு வாங்க.

"நான் சொல்லச் சொல்லக் கேக்கல டீச்சர். நேத்துலருந்து சோறு திங்கல. பள்ளிக்கூடத்துல இருந்து பாதியில வந்துட்டா. நீ வரலைன்னா தனியாப் போறேங்கிறா."

தாமரை எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்தாள். முபீனா கையை உருவிக்கொண்டு நேராகத் திவ்யாவிடம் போனாள்.

"அக்கா, தொட்டிலை நான்தான் அவுத்தேன். டீச்சர் இல்ல. டீச்சர் கீழ முள்ளு எடுத்துக்கிட்டு இருந்தாங்க."

நல்லகாமன் தூணைவிட்டு நகர்ந்தான். அஜ்மல் பீவி ஓடிவந்து மகளுக்கு முன்னால் நின்றாள். "அண்ணே, சின்னப்புள்ள. தெரியாமச் செஞ்சுட்டா. என்ன சொல்றதுன்னாலும் என்னையச் சொல்லுங்க."

"அப்ப எங்கக்கா சொன்னது பொய்யா?" என்றான் அவன். யாரைப் பார்த்துக் கேட்பது என்று அவனுக்கே தெரியவில்லை.

"பொய்தான்" என்றாள் முபீனா. அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தது. "என் சாக்கை நான்தான் தூக்கணும். அடுத்தவங்க தோள்ல ஏத்தக் கூடாதுன்னு டீச்சர்தான் சொன்னாங்க. அவங்களே ஏத்திக்கிட்டாங்க."

காலையிலிருந்து வாய் திறக்காத திவ்யா திறந்தாள்.

"முடிச்சு எப்பிடி இருந்துச்சு?"

"இறுக்கமா இருந்துச்சுக்கா. பல்லால கடிச்சு இழுத்தேன்."

"உள்ள ஒண்ணு இருந்துருக்குமே."

"கல்லு."

"அதை என்ன செஞ்ச?"

முபீனா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "கல்லைச் சாக்குல போடல. கரட்டோடது கரட்டுக்கு. துணி மட்டுந்தான் மனுசங்க கொண்டாந்தது. எல்லாத் துணியிலயும் ஒவ்வொரு கல்லு இருந்துச்சு. பதினோரு கல்லு. மரத்தடியில ரெண்டு வேருக்கு நடுவுல, உருண்டு விழுந்துறக் கூடாதுன்னு சருகைக் கூட்டி, அது மேல வரிசையா வச்சிட்டு வந்தேன்."

ஒச்சாயி நெஞ்சில் கைவைத்தாள். "நான் மேலதானே அண்ணாந்து பாத்தேன். கீழ குனிஞ்சு பாக்கலையே."

"பச்சைத் துணி" என்றாள் திவ்யா. "ஓரம் மாம்பழக் கலரு. அதுல இருந்தது எப்பிடி இருக்கும்?"

முபீனா கொஞ்சம் யோசித்தாள். "கருப்பா, முட்டைய விடச் சின்னதா. நடுவுல வெள்ளைக் கோடு. மத்ததெல்லாம் சொரசொரன்னு இருந்துச்சு, அது மட்டும் வழவழன்னு இருந்துச்சு. அதனால அதைய மட்டும் கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தேன். அதுதான் வரிசையில மொதல்ல இருக்கு."

திவ்யா அழ ஆரம்பித்தாள். தொட்டில் கட்டுகிறதுக்கு முந்தின ஒரு மாசம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அந்தக் கல்லுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, துண்டால் துவட்டி வைத்திருக்கிறாள். அது ஒச்சாயிக்கும் தெரியாது, நல்லகாமனுக்கும் தெரியாது. கல்லைக் கையில் வைத்திருந்த இந்தப் பிள்ளை ஒருத்திக்குத்தான் அது வழவழப்பு என்று தெரிந்திருக்கிறது.

"அத்தை" என்றாள் அழுகைக்கு நடுவில். "போயிப் பாருங்க. இருக்கான்னு மட்டும் பாருங்க. நான் வந்து கட்டிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் எடுத்துறக் கூடாது."

"நானும் போறேன்" என்றாள் முபீனா. "எதுன்னு எனக்குத்தான் தெரியும்."

ஒச்சாயி எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "ஆட்டோவை எடுடா" என்றாள் மகனிடம். நல்லகாமன் அஜ்மல் பீவியைப் பார்த்தான். "நீங்களும் வாங்கக்கா. புள்ளைய ஒங்க கையிலயே திரும்பக் கொடுத்துர்றேன். ஊர்ல எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான், கேட்டா நான் பாத்துக்கிறேன்" என்றான்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். தாமரையை யாரும் கூப்பிடவில்லை. அவள் படியிலேயே நின்றாள்.

"மதினி, இந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள் திவ்யா. "கை நடுங்குது. சிந்திரும்."

தாமரை வந்து கிண்ணத்தைப் பிடித்தாள். பன்னிரண்டு சொட்டு வந்தது. நர்ஸம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளேயிருந்து மெஷின் கத்துகிற சத்தம் கேட்டது. ரெண்டு பேரும் எழுந்து ஓடிக் கண்ணாடியில் முகத்தை வைத்தார்கள். மூணாவது பெட்டி. நர்ஸம்மா குனிந்து நின்றார். பிள்ளையின் நெஞ்சு அசையவில்லை. உள்ளங்காலைச் சுண்டினார். அசையவில்லை.

தாமரையின் போன் அடித்தது. ஒச்சாயி நம்பர். எடுத்தாள். காற்றுச் சத்தம், அதற்குள் முபீனாவின் குரல், "பேசுங்க பாட்டிம்மா, டீச்சர் எடுத்துட்டாங்க" என்று. பிறகு ஒச்சாயி.

"இருக்குத்தா. அந்தப் புள்ள சொன்னபடியே, சருகு மேல, மொதக் கல்லு. வெள்ளைக் கோடு இருக்கு. ஒரு கல்லும் நகரல." கிழவி மூச்சு வாங்கினாள். "அங்க? அங்க நம்ம புள்ள இருக்கா?"

திவ்யா தாமரையின் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். நர்ஸம்மா ரெண்டாந்தரம் சுண்டினார். மூணாந்தரம் கொஞ்சம் பலமாக. சுண்டுவிரல் தண்டி இருந்த கால் வெடுக்கென்று மடங்கியது. வாய் கோணியது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய நெஞ்சு மேலே ஏறி, இறங்கி, திரும்ப ஏறியது.

"அடியே, கேக்குதா? புள்ள இருக்கா?"

"இருக்கும்மா" என்றாள் தாமரை.